"பாட்டோட தலைய வெட்டிட்டியேம்மா!" – ஒரு பாட்டுச் செயலி, 46 விருந்தாளிகள், ஒரு மாலை

வந்தவர்கள் 46 பேர். மூத்தவர் பெரியப்பா, வயது 81. கடைக்குட்டி என் தங்கை மகள், வயது 6. நடுவில் அப்பாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அண்ணன் மகளின் கல்லூரித் தோழிகள், தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாத என் அலுவலக நண்பர்கள் மூன்று பேர், எந்தப் பாட்டு போட்டாலும் "இதைவிட நல்ல பாட்டு ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பிக்கிற மாமா ஒருவர். அப்பா அம்மாவின் ஐம்பதாவது திருமண நாள். மற்ற வேலைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். "பாட்டை நீ பாத்துக்கோ, உனக்குத்தான் போன்ல எல்லாம் தெரியுமே" என்று அதை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான்கு வருடமாகச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் பாட்டுச் செயலி ஒன்று என் போனில் இருக்கிறது. காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பதற்கு அதைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஒரு கூட்டத்துக்குப் பாட்டு போட அது லாயக்கா என்பதுதான் இந்த விமர்சனம். பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லப்போகும் வசதிகள் பெயர் மாறிப் பல செயலிகளிலும் இருக்கின்றன, உங்கள் போனில் இருப்பதில் தேடினாலே கிடைக்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் பெரிதாகக் காட்டுகிற இரண்டு வசதிகளும் என் காலை வாரிவிட்டன. அமைப்புகளுக்குள் நாலு தட்டு உள்ளே போய்த் தேட வேண்டிய மூன்று சின்னச் சமாச்சாரங்கள்தான் மானத்தைக் காப்பாற்றின.

முதலில் காலை வாரியது, 'எல்லோருக்குமான கொண்டாட்டம்' என்கிற மாதிரிப் பெயர்களில் செயலியே கட்டித் தரும் தயார்ப் பட்டியல்கள். விருந்துக்கு ஒரு வாரம் முன்பு அப்படி ஒன்றை உட்கார்ந்து எண்ணினேன். 60 பாட்டு. அதில் 47 பாட்டு கடந்த ஐந்து வருடத்துக்குள் வந்தவை. மிச்சமிருந்த 13-இலும் 8 பழைய பாட்டுகளின் மறுவடிவங்கள். அதாவது பழைய மெட்டைப் பிடித்து, அடியில் டமடமவென்று ஒரு தாளத்தை வைத்து, பாடகரின் குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆக்கியவை. இதைப் பெரியப்பாவிடம் போட்டுக் காட்டினால் எழுந்து போய்விடமாட்டார், பண்பானவர். ஆனால் காதுகேட்கும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். போன தடவை ஒரு விசேஷத்தில் அதைத்தான் செய்தார்.

சரி, 'பழைய பாட்டு' என்று தேடி நாமே சேர்த்துவிடலாம் என்று பார்த்தால் அங்கே வேறு கூத்து. செயலி ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் காட்டும் வருடத்தை நம்பவே நம்பாதீர்கள். அறுபதுகளில் வந்த பாட்டை 2000-க்குப் பிறகு எவரோ ஒரு தொகுப்பில் சேர்த்து வெளியிட்டிருந்தால், தொகுப்பு வந்த வருடம்தான் அங்கே இருக்கும். ஆக, விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாட்டு ஒன்று என் பட்டியலில் 2009 என்று நிற்கிறது. பத்தாண்டு வாரியாகப் பிரித்துக் கொடு என்று செயலியிடம் கேட்டால் அது இந்த வருடத்தை வைத்துத்தான் பிரிக்கும். தேடலும் அப்படித்தான். தமிழ் எழுத்தில் பாட்டின் முதல் வரியை அடித்தால் பல நேரம் ஒன்றுமே வராது. ஆங்கில எழுத்தில் அடித்தால், ழ-வுக்கு அவர்கள் என்ன எழுத்து போட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்க வேண்டும். கடைசியில் கிடைத்தாலும் மேலே நிற்பது யாரோ ஒருவர் கிட்டாரோடு படுக்கையறையில் உட்கார்ந்து பாடியது. அசல், ஐந்தாவதோ ஆறாவதோ இடத்தில்.

எனவே பட்டியலை நானே கட்டினேன். சின்ன வயதில் 90 நிமிட காசெட்டுக்குப் பாட்டு எழுதிய அனுபவம் கை கொடுத்தது. ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம், கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது, அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிடத்தைக் குறித்துக் கூட்டிப் பார்ப்போம். இந்தத் தடவை நிமிடத்துக்குப் பதிலாக வயதைக் குறித்தேன். வரப்போகிறவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதி, எதிரில் வயது, அதற்கு எதிரில் அவருக்குப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயது நடந்த வருடங்கள். மனிதர்கள் தங்கள் வாழ்க்கையில் ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவற்றைத்தான் பின்னாளில் அதிகமாக நினைவுகூர்கிறார்கள் என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். இதற்கு 'நினைவு மேடு' என்கிற மாதிரி ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். பாட்டுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. பெரியப்பாவுக்கு அறுபதுகள். அப்பாவின் நண்பர்களுக்கு அறுபதுகளின் கடைசியும் எழுபதுகளும். இளையராஜா சினிமாவுக்கு வந்தது 1976-இல், ரஹ்மான் வந்தது 1992-இல். இந்த இரண்டு வருடங்களையும் தாளில் கோடு போட்டுக் குறித்தால், வந்தவர்களில் யார் எந்தப் பக்கம் என்று பளிச்சென்று தெரிந்துவிட்டது. மாமா வயதுக்காரர்கள் முதல் கோட்டுக்கும் இரண்டாவது கோட்டுக்கும் நடுவில் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுக்குக் கால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

இந்தக் கணக்கு போட்டபோது எனக்கே வியப்பாக இருந்த விஷயம், தமிழ் தெரியாத மூன்று பேரைப் பற்றி நான்தான் அநாவசியமாகக் கவலைப்பட்டிருக்கிறேன் என்பது. சொல் புரியாதவருக்குத் தாளம் போதும். சண்டை வருவதெல்லாம் ஒரே மொழி பேசுகிற, ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைக்குள்தான்.

இனி அந்த மாலைக்கு வருகிறேன். நான் கட்டிய பட்டியல் பத்திரமாக இருந்தது. ஆனால் அண்ணன் மகள் விடவில்லை. "அத்தை, குரூப் கியூ போடலாம். எல்லாரும் அவங்கவங்க போன்லேர்ந்தே பாட்டு சேத்துக்கலாம். நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம், ஜாலியா உக்காருங்க" என்றாள். செயலிக்காரர்கள் படம் போட்டு விளம்பரப்படுத்தும் வசதி இதுதான். விருந்து நடத்துகிறவர் போனில் ஒரு கியூஆர் கோடு வரும், வந்தவர்கள் ஸ்கேன் செய்தால் அவர்களும் வரிசைக்குள் பாட்டைப் போடலாம். ஜனநாயகம். எனக்கும் சபலம் தட்டியது. ஆரம்பித்துவிட்டோம்.

முதல் இருபது நிமிடம் நன்றாகத்தான் போனது. 11 பேர் உள்ளே வந்தார்கள். மாமா தன் பாட்டு ஒலித்ததும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அப்புறம் தங்கை மகனும் (13 வயது) அவன் சினேகிதனும் போட்டி போட்டுக்கொண்டு வரிசையில் கொட்ட ஆரம்பித்தார்கள். ஒரே பாட்டு ஆறு தடவை. நடுவில் பெரியப்பா யாரோ ஒரு பையனைப் பிடித்து, தனக்கு ஒரு பாட்டைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அரை மணி நேரம் கழித்து என்னிடம் வந்து, "ஏம்மா, நான் ஒரு பாட்டு சொன்னேனே, வருமா?" என்று கேட்டார். வரிசையைத் திறந்து பார்த்தேன். 43-ஆவது இடம். ஒரு பாட்டுக்கு மூன்றரை நிமிடம் என்று வைத்தாலும் இரண்டரை மணி நேரம். அவரை வீட்டுக்கு அழைத்துப் போக வண்டி வருவதற்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது.

இந்த வசதியை வடிவமைத்தவர்கள் வரிசை என்றால் வந்த வரிசை என்று மட்டும் நினைத்துவிட்டார்கள். போன் வேகமாக அடிக்கத் தெரிந்தவனுக்கே எல்லாப் பாட்டும். ஆளுக்கு ஒன்று, சுற்று முடிந்தால் அடுத்தது என்று ஒரு சின்ன ஏற்பாடு இருந்தால்கூடப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நான் பயன்படுத்துவதில் அது இல்லை. அதைவிடப் பெரிய கோளாறு, யார் வேண்டுமானாலும் ஓடுகிற பாட்டைத் தாண்டிவிடலாம். கல்லூரிப் பெண் ஒருத்தி ஒரு மெல்லிசைப் பாட்டை இருபதாவது நொடியில் தாண்டினாள். அது அப்பாவின் நண்பர் ஒருவர் சேர்த்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அதற்கப்புறம் அவர் பாட்டே சேர்க்கவில்லை. 'விருந்தாளிகள் தாண்ட முடியாது' என்று ஒரு பொத்தான் அமைப்புகளுக்குள் இருக்கிறது, மறுநாள் கண்டுபிடித்தேன். தாண்டும் வழியை அவர்கள் முதலிலேயே மூடிவைத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் பாட்டு திடீரென்று நின்றது. மொத்தமாக அமைதி. அந்த அமைதியில் மாமா "இதைவிட நல்ல பாட்டு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது. என்னவென்று பார்த்தால், விருந்தாளிகளை அழைத்துவரக் காரில் போன என் வீட்டுக்காரர், போகிற வழியில் அதே கணக்கிலிருந்து ஏதோ பாட்டைத் தட்டியிருக்கிறார். ஒரு தனிநபர் சந்தாவில் ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் பாட்டு ஓடும். அவர் அங்கே தட்டினார், இங்கே நின்றது. நான் இங்கே மறுபடி தட்டினேன், அங்கே நின்றிருக்கும். அவர் மறுபடி. மூன்று தடவை இப்படி ஊஞ்சல் ஆடிவிட்டு, போன் செய்து சொன்னேன். "அப்படியா, செயலிதான் சரியில்லைன்னு நினைச்சேன்" என்றார்.

அங்கேதான் குரூப் கியூவை மூடினேன். பையன்கள் முனகினார்கள். அலமாரியிலிருந்து என் பழைய போனை எடுத்தேன். அதில் சிம் கிடையாது. முந்தின நாளே என் பட்டியல் முழுவதையும் அதில் பதிவிறக்கி வைத்திருந்தேன். விமானப் பயன்முறையில் போட்டு, செயலியையும் ஆஃப்லைனில் வைத்தாயிற்று. இனி எவர் எங்கிருந்து தட்டினாலும் பாட்டு நிற்காது, அழைப்பு வந்து மணி அடிக்காது, வாட்ஸாப்பின் 'டிங்' ஸ்பீக்கரில் கேட்காது. பதிவிறக்கம் என்பதை ஒரு வசதி என்று யாரும் பாராட்டி எழுதி நான் பார்த்ததில்லை. நான் எழுதுகிறேன்: இந்தச் செயலியில் நான் கட்டும் சந்தாவுக்கு உருப்படியாகக் கிடைப்பது அதுதான்.

புளூடூத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் போன் என் கையில் இருந்தது. கூட்டம் உட்கார்ந்திருந்தவரை பாட்டு சீராக வந்தது. எல்லோரும் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் விக்கியது. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், அது அந்த அலையை உறிஞ்சும். போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருபது பேர் நின்றால் இருபது தண்ணீர்க் குடங்களை அடுக்கி வைத்த மாதிரி. போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் உயரத்தில் அலமாரித் தட்டில் வைத்தேன். விக்கல் நின்றது. கம்பி இருந்தால் கம்பியே போடுங்கள்.

இப்போது தலைப்புக்குக் காரணமான விஷயம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளி விழாமல், ஒன்று தேய, அடுத்தது எழும்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் படரவிடும் வசதி இருக்கிறதல்லவா, க்ராஸ்ஃபேட். விருந்து என்றால் அது வேண்டும் என்று படித்திருந்தேன். 8 நொடிக்கு வைத்தேன். ஆட்டப் பாட்டுகளுக்கு அது அருமை, கால் நிற்கவே நிற்காது. ஆனால் எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகள் வரையிலான நம் பாட்டுகளில் பாதி உயிர் முன்னிசையில் இருக்கிறது. குரல் வருவதற்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் தனியாக நாலு நொடி வரும், அதற்குப் பதில் சொல்வதுபோல வயலின்கள் வரும். பலபேர் பாட்டை அடையாளம் காண்பதே அந்த நாலு நொடியில்தான், "ஆ!" என்று முகம் மலர்வதும் அங்கேதான். அந்த நாலு நொடியையும் முந்தின பாட்டின் வால் தின்றுவிட்டது. அப்பா நேராக என்னிடம் வந்தார். திருமண நாள் நாயகர், பட்டு வேட்டியில். "பாட்டோட தலைய வெட்டிட்டியேம்மா!" என்றார். கோபமில்லை, நிஜமான வருத்தம். சுழியத்துக்குக் கொண்டு போனேன். இந்தப் பாட்டுக்கு வேண்டும், அந்தப் பாட்டுக்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல இந்தச் செயலியில் வழியில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி.

அதற்கு நேர் எதிராக, திறந்து வைத்ததே தெரியாமல் உழைத்தது 'ஒலியைச் சமப்படுத்து' என்கிற பொத்தான். அறுபதுகளில் பதிவான பாட்டில் மெதுவான இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் நல்ல இடைவெளி இருக்கும். சராசரி ஒலி குறைவாக இருக்கும். இந்தக் காலத்துப் பாட்டுகளை ஆரம்பம் முதல் முடிவு வரை கூரையில் முட்டும்படி அழுத்திப் பதிகிறார்கள். வால்யூமைத் தொடாமலே அதிலிருந்து இதற்குப் போனால் காதில் அறைந்த மாதிரி இருக்கும். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது தங்கை மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். சமப்படுத்தும் பொத்தானைப் போட்டால் செயலி ஒவ்வொரு பாட்டின் சராசரி உரப்பையும் முன்கூட்டியே அளந்து வைத்திருந்து, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. பாட்டுச் செயலிகளில் சாதாரணமாக -14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் உரப்பை அளக்கும் அலகு) என்கிற அளவு. விருந்து நடந்த நான்கு மணி நேரத்தில் நான் வால்யூமைத் தொட்டது ஐந்தாறு தடவைதான். அதுவும் பாட்டு மாறியதற்காக இல்லை, கூட்டத்தின் மனநிலை மாறியதற்காக.

வால்யூம் என்பதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும், ஏனென்றால் பாட்டுத் தேர்வு தப்பாகப் போனதாக நாம் நினைக்கிற பாதி விருந்துகளில் தப்பாகப் போனது இதுதான். பின்னணியில் சத்தம் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான். எதியன் லொம்பார்ட் என்கிற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதை விவரித்துவிட்டார், அவர் பெயரில்தான் இது இன்றைக்கும் வழங்குகிறது. விருந்தில் நடப்பதைப் பாருங்கள்: பாட்டு கொஞ்சம் உரக்க ஓடுகிறது, பேசுகிறவர்கள் கத்துகிறார்கள். கத்தலில் பாட்டு கேட்கவில்லை என்று எவரோ ஒருவர் ஸ்பீக்கரைத் திருகுகிறார். எல்லோரும் இன்னும் கத்துகிறார்கள். ஒரு மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடும், பெரியவர்கள் மெதுவாக வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்வார்கள்.

நான் போனில் டெசிபல் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றினேன். அது ஆய்வகத் துல்லியம் இல்லை, ஆனால் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒப்பிட உதவும். ஒரே பெரிய ஸ்பீக்கர் மூலையில் இருந்தபோது அதன் பக்கத்தில் 79, பெரியம்மா உட்கார்ந்திருந்த சோபாவில் 63. பக்கத்தில் இருக்கிறவருக்கு அடி, தூரத்தில் இருக்கிறவருக்குப் பட்டினி. அருகருகே இருவர் பேசிக்கொள்வது சாதாரணமாக 60 டெசிபல் அளவில் இருக்கும். பெரிய ஸ்பீக்கரைக் குறைத்து, தங்கை கொண்டு வந்த சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எதிர்ப்பக்கம் வைத்ததும் இரண்டு இடத்துக்குமான வித்தியாசம் ஆறேழு டெசிபலுக்கு வந்துவிட்டது. இரண்டு ஸ்பீக்கரையும் சேர்த்து ஓட்டும் வசதி பெரும்பாலும் அவை ஒரே நிறுவனத்தின் ஒத்துப்போகிற மாடல்களாக இருந்தால்தான் வேலை செய்யும், அதை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெரியம்மா இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரே வைக்கவில்லை. காதுகேட்கும் கருவி போட்டவர்களுக்குப் பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுப்பது பெரும் பாடு.

சரி, பாட்டு. வந்து உட்கார்ந்து நலம் விசாரிக்கும் நேரத்துக்கு நான் குரலே இல்லாத வாத்திய இசை வைத்திருந்தேன். எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகள், வீணையிலும் கிட்டாரிலும். சொல் இருந்தால் காது அதன்பின் ஓடும், பேச்சு தடைப்படும். சாப்பிடும் நேரத்துக்கு அறுபதுகள், எழுபதுகள். மெல்லிசை. அந்தக் காலத்துப் பாட்டுகள் மூன்று நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடுவது ஒரு வசதி. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடிக்கும். பிடிக்காதவர்களும் பொறுத்துக்கொள்வதற்குள் முடிந்துவிடுகிறது.

ஆட்டத்துக்கு வந்தபோதுதான் செயலியின் இன்னொரு அசட்டுத்தனம் தெரிந்தது. பாட்டுகளை வேகத்தின்படி அடுக்கித் தருகிறேன் என்று ஒரு பொத்தான். நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று கணக்கிட்டு அது அடுக்குகிறது. நேரான நாலு தட்டுத் தாளம் என்றால் சரியாகத்தான் சொல்கிறது. நம் நாட்டுப்புறச் சாயல் குத்துப் பாட்டுகளின் தாளத்தை, இசைக்காரர்கள் 'சிக்ஸ் எய்ட்' என்பார்களே அதை, சில நேரம் பாதியாக எண்ணுகிறது, சில நேரம் ஒன்றரை மடங்காக. விளைவு, ஆட வைக்கும் பாட்டு ஒன்று தாலாட்டுகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. தாளத்தைக் காலால்தான் எண்ண வேண்டும். முந்தின இரவு அடுப்படியில் நின்றுகொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் காலைத் தட்டிப் பார்த்து நான் அடுக்கியதுதான் ஓடியது.

பழசு ஒன்று, புதுசு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுவது நியாயமாகத் தோன்றும். செய்யாதீர்கள். ஆட வந்தவருக்குக் கூச்சம் போக ஒரு பாட்டு, கால் சூடு பிடிக்க ஒரு பாட்டு, அனுபவிக்க ஒரு பாட்டு. அதனால் மூன்று மூன்றாகக் கட்டினேன். பிடிக்காதவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தானே, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவில் ஒரு குத்துப் பாட்டை மட்டும் பாலமாக வைத்தேன். அந்தப் பாலங்களில்தான் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். என் அலுவலக நண்பர் ஒருவர், தமிழில் "நன்றி" என்பதையே மூன்று தடவை ஒத்திகை பார்த்துச் சொல்கிறவர், அந்தத் தாளம் விழுந்த அரை நிமிடத்தில் மாமாவுக்கு எதிரே நின்று தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார். மாமா அந்தப் பாட்டு முடியும்வரை வேறு பாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பெரியப்பாவின் பாட்டை நான் வரிசையின் மேலே கொண்டுவந்து போட்டேன். கேட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார், போட்டேன். விதியெல்லாம் 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், செயலி மேலேயே எல்லாப் பழியையும் போடுவது நியாயமில்லை. நம் படங்களில் ஒரே பாட்டு மகிழ்ச்சியாக ஒரு தடவை, சோகமாக ஒரு தடவை வருவது உண்டல்லவா. தேடும்போது இரண்டும் ஒரே பெயரில் நிற்கும். அம்மாவுக்குப் பிடித்த பாட்டு ஒன்றில் நான் அவசரத்தில் சோகத்தைச் சேர்த்துவிட்டேன். இருவரும் கூடத்தின் நடுவில் வந்து நின்ற நேரம் பார்த்து, ஷெனாய் அழ ஆரம்பித்தது. செயலியின் பரிந்துரைகளிலும் இந்த ஆபத்து உண்டு. அதற்கு மெட்டும் வேகமும் ஓரளவு தெரியும், 'நீ என்னை விட்டுப் போனாயே' என்று பாடுகிறார்கள் என்பது தெரியாது. நம் மொழி தெரிந்த ஒருவர் பட்டியல் முழுவதையும் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது, முக்கியமாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில். அதேபோல 'பட்டியல் முடிந்ததும் தானாகத் தொடரும்' என்பதை அணைத்துவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் அது எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது.

ஆள் வைத்துப் பாட்டு போடுவதோடு ஒப்பிட்டால்? இதற்கு முன் ஒரு விசேஷத்துக்கு டிஜே ஒருவரை வைத்திருந்தோம். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பாட்டை மாற்றுவதில் எந்தச் செயலியும் அவர் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அவர் மைக்கை விடவில்லை. வீட்டுக் கூடத்தில் நாற்பத்தைந்து பேருக்கு மைக் எதற்கு? இருநூறு பேர், திறந்த இடம் என்றால் மறுபடி ஆளைத்தான் தேடுவேன். வெளியாட்கள் வரும் பொது நிகழ்ச்சிக்கோ வியாபாரத்துக்கோ என்றால் இந்தச் செயலி எப்படியும் ஆகாது. இது சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று நிபந்தனைகளிலேயே எழுதியிருக்கிறார்கள். பொது இடத்தில் பாட்டு போட உரிமம் தனி.

இப்போதைக்குச் சந்தாவைத் தொடர்கிறேன். ஒரு எச்சரிக்கை: விருந்துக்கு முன்னால் 'தனி அமர்வு' என்கிற பொத்தானைப் போட்டுவிடுங்கள், கேட்டவை கணக்கில் சேராமலிருக்க. நான் போடவில்லை. பையன்கள் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் கொட்டியதை வைத்து, செயலி என்னைப் பதின்மூன்று வயதுப் பையன் என்று முடிவு செய்துவிட்டது. ஒரு மாதம் ஆகிறது, தினமும் காலையில் அதே பாட்டை நீட்டுகிறது.

பட்டியலை அப்பா தன் போனுக்கும் அனுப்பச் சொன்னார். அவர் போனில் க்ராஸ்ஃபேட் சுழியத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அந்தச் சோகப் பாட்டை நீக்கப் போனபோது அம்மா எட்டிப் பார்த்து, "இருக்கட்டும்டி, அதுவும் நல்லாத்தானே இருக்கு" என்றார். 17-ஆவது பாட்டாக இன்னும் இருக்கிறது.